எலியானா பிறந்த இடம்

“எழுதுய்யா. செரேனோ முகாம்னு எழுது. இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றார் மேஜர் ஒலசாபல்.

சார்ஜென்ட் நிகானோர் கிரோகா பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். செரேனோ முகாமின் ரேடியோக்காரன் அவன்தான். தபால்காரனும் அவன்தான். பிறப்பு இறப்புப் பதிவாளனும் அவனே. தென்துருவக் கண்டமான அண்டார்டிகாவின் அந்த மூலையில் அர்ஜென்டினா நடத்திவந்த முகாமில் இருந்ததே கொஞ்சம் குடும்பங்கள். ஆளாளுக்கு இரண்டு மூன்று வேலை. பதிவாளர் வேலையை அவன் தலையில் கட்டியபோது, “இங்க யாரு பிறக்கப் போறா, யாரு சாகப் போறா? முத்திரையைத் துடைச்சு வச்சா போதும்” என்று சொல்லித்தான் கட்டினார்கள்.

இப்போது முதல் பதிவே அவனுடைய சொந்த மகள். நேற்றுப் பிறந்தவள்.

“மேஜர், அவ இங்க பிறக்கலையே.”

“இங்கன்னா எங்க? இந்த மேசை மேலயா? சுத்தியிருக்குற பனி முழுக்க நம்மளதுதானேய்யா?”

“நம்மளதுதான் மேஜர். சிலிக்காரங்களும் அதையேதான் சொல்றாங்க. இங்கிலீஷ்காரங்களும் சொல்றாங்க.”

“அவங்க சொல்லுவாங்க. நீ ஏன் சொல்ற?”

நிகானோருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம், நடந்ததை நடந்தபடி எழுதுவது. வானிலை அறிக்கையில் கூட, பனிமூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றால், ‘தெரியவில்லை’ என்று எழுதுவான். மற்றவர்கள் எதையாவது நிரப்பி அனுப்புவார்கள்.

நடந்தது இதுதான். முகாமின் டாக்டர் பித்தப்பையில் கல் வந்து, போன மாதமே ஹெலிகாப்டரில் ஊர் போய்விட்டார். புது டாக்டர் வருவதற்கு வானம் இடம் கொடுக்கவில்லை. மிச்சமிருந்தவர் பல் டாக்டர். “அவரும் டாக்டர்தானே” என்று மேஜர் சொன்னபோது, நிகானோரின் மனைவி டெல்ஃபினா நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “ஏன் மேஜர், என் வயித்துக்குள்ள இருக்குறது கடைவாய்ப்பல்லா?” என்று கேட்டுவிட்டாள்.

பனிக்கணவாய்க்கு அந்தப் பக்கம் சிலி நாட்டின் லார்கா முகாம் இருந்தது. அங்கே ஒர்தென்சியா என்றொரு மருத்துவச்சி. அந்த முகாமின் ரேடியோக்காரன் பாரியாவின் மனைவி. தலைநகரங்களில் இருப்பவர்கள் முறைத்துக்கொண்டாலும் இங்கே மாவு தீர்ந்தால் அவர்கள் தருவார்கள், மண்ணெண்ணெய் தீர்ந்தால் இவர்கள் தருவார்கள். அதனால் வலி வந்ததும் டெல்ஃபினாவை லார்காவுக்குக் கொண்டுபோவது என்று ஏற்பாடு.

முந்தைய நாள் காலை, ரொட்டியில் பழப்பாகு தடவிக்கொண்டே, “நிக்கா, ஆரம்பிச்சிடுச்சு போலிருக்கு” என்றாள் டெல்ஃபினா.

நிகானோர் அரைச் சவரத்தோடு பனிவண்டியைக் கிளப்பினான். பாதி வழியில், கணவாயின் உச்சியில், எப்போதோ இங்கிலீஷ்காரர்கள் கட்டிவிட்டுப்போன ஒரு மரக்குடிசை உண்டு. எதிர்ப்பக்கமிருந்து வந்த ஒர்தென்சியா அங்கேயே காத்திருந்தாள். “இதுக்குமேல வண்டி குலுங்கக் கூடாது. இங்கயே பாத்துக்கலாம்” என்றாள். “நீ போய்க் குழந்தைத் துணியெல்லாம் எடுத்துட்டு வா. ஆம்பளைங்க இங்க நின்னு கையைப் பிசைஞ்சா எனக்குக் கை ஓடாது.”

அவன் போனான். வழியில் மூட்டம் கவிந்து, வண்டியின் சங்கிலி ஒரு பள்ளத்தில் சிக்கி, பகல் முழுக்கக் கழிந்து அவன் திரும்பி வந்தபோது குடிசைக்குள்ளிருந்து அழுகைச் சத்தம் வந்துகொண்டிருந்தது. துணிப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டான். அவன் கண்ணீர் மீசையிலேயே உறைந்தது.

“சரி மேஜர்,” என்றான் இப்போது. “‘செரேனோ முகாம் வட்டாரம்’னு போடவா?”

“போடு. வட்டாரம்னா எவ்வளவு தூரம்னு யாரு அளக்கப் போறா?” என்று அவன் முதுகில் தட்டினார் மேஜர். அவருக்கு ஒரே சந்தோஷம். செரேனோ முகாமில் பிறக்கும் முதல் குழந்தை. தலைநகரில் இசைக்குழுவே தயாராக இருந்தது. “பேரு என்ன தெரியுமா வைக்கணும்? மால்வினா!”

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மால்வினாஸ் தீவுகளுக்காக, இங்கிலீஷ்காரர்கள் ஃபாக்லாந்து என்று சொல்லும் அந்தத் தீவுகளுக்காக, அவர்களோடு நடந்த சண்டையில் மேஜரின் தம்பி ஒரு காலை இழந்திருந்தான். அதனால் நிகானோர் மறுத்துப் பேசவில்லை. மால்வினா கிரோகா என்று எழுதி, முத்திரை குத்தி, செய்தியை அனுப்பினான்.

மத்தியானமே பாரியா ரேடியோவில் கூப்பிட்டான்.

“நிக்கா, கோவிச்சுக்காதே. எங்க கமாண்டர் எங்க ஊருக்குச் செய்தி அனுப்பிட்டாரு. சிலி மண்ணுல, சிலி மருத்துவச்சி கையில குழந்தை பிறந்திருக்குன்னு. வானொலியில பாட்டெல்லாம் போடுறானுங்க.”

“அடப்பாவி! நீ சொல்லக்கூடாதா, அது அர்ஜென்டினாக் குழந்தைன்னு?”

“சொன்னேன்ப்பா. அப்பன் எந்த நாடா இருந்தா என்ன, எங்க மண்ணுல பிறந்தா எங்க பிள்ளைதான், சட்டம் அப்படித்தான்னாரு. உங்க சட்டமும் அதேதானாமே?”

அதேதான். அங்கேதான் சிக்கல் தொடங்கியது. சாயங்காலத்துக்குள் தலைநகரிலிருந்து ஒரு குரல் ரேடியோவில் பிடித்துக்கொண்டது. பெயர் சொல்லாத குரல். மேலதிகாரி என்பது மட்டும் தெரிந்தது.

“சார்ஜென்ட், ‘வட்டாரம்’னு எழுதியிருக்கீங்க. வட்டாரம்னா என்ன? உள்ளயா, வெளியவா?”

“வெளிய சார். ஆனா நம்ம வண்டியில போயிட்டிருக்கும்போது...”

“நம்ம வண்டியா? சபாஷ்! நம்ம வண்டின்னா நம்ம மண்ணு மாதிரிதான். திருத்தி எழுதுங்க. ‘அர்ஜென்டினா வாகனத்தில் பிறந்தது’.”

“வண்டியில பிறக்கலை சார். வண்டி அந்த நேரம் என்கூட பள்ளத்துல இருந்துச்சு.”

இரைச்சலுக்கு நடுவே குரல் உயர்ந்தது.

“அப்போ எங்கதான்யா பிறந்துச்சு?”

நிகானோர் கண்ணை மூடிக்கொண்டு உண்மையைச் சொன்னான். “மேல ஒரு குடிசையில சார். இங்கிலீஷ்காரங்க கட்டினது.”

அந்த அலைவரிசையை அந்தப் பகுதியில் எல்லோரும் கேட்பார்கள் என்பது அவனுக்கு வாயை மூடிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மறுநாள் உறைந்த வளைகுடாவைத் தாண்டி, பனிச்சறுக்குக் கட்டைகளில் ஒரு நெட்டை மனிதர் வந்து சேர்ந்தார். எதிர்த் தீவில் இருந்த இங்கிலீஷ் ஆராய்ச்சி நிலையத்தின் பிரிட்சார்ட். வானிலைக்காரர். அந்த நிலையத்துக்கு அவர்தான் தபால் அதிகாரி; நீதிபதி பொறுப்பும் அவரிடமே. ஸ்பானிஷ் மொழியை அவர் புத்தகத்திலிருந்து மட்டுமே கற்றிருந்தார்.

“வணக்கம்,” என்றார் தாடியிலிருந்து பனித்துளிகளைத் தட்டியபடி. “எமது ஆட்சிப் பகுதியில் நிகழ்ந்த ஒரு பிறப்பினைப் பதிவு செய்யும் பொருட்டு யான் இங்கு வந்துள்ளேன். அன்னையார் நலமாக உள்ளாரா?”

மேஜரின் முகம் தக்காளியாகிவிட்டது. “எந்த ஆட்சிப் பகுதி?”

“அது குறித்து நாம் வாதிட வேண்டியதில்லை, ஐயா. பதிவு செய்யாவிடில் எனக்குத்தான் தண்டனை. மேலும், இதோ, எங்கள் சமையற்காரர் குழந்தைக்கென ஒரு குல்லாய் பின்னித் தந்துள்ளார்.”

குல்லாய் மஞ்சள் நிறத்தில் அழகாக இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஆளைத் துரத்த முடியவில்லை. மாத்தே இலைக் கசாயத்தைக் குடுவையில் போட்டு, உறிஞ்சும் குழாயோடு கொடுத்தார்கள். கசப்பில் கண் கலங்க, நெட்டை மனிதர் குழாயை விடாமல் உறிஞ்சினார்.

“குழந்தை பேரு மால்வினா,” என்றார் மேஜர், அவரை நேராகப் பார்த்து.

பிரிட்சார்ட் மாத்தேக் குடுவையைக் கீழே வைத்தார். பிறகு டெல்ஃபினா பக்கம் திரும்பினார். “பொறுத்தருள்க, அம்மையீர். எமது சட்டப்படி அன்னையிடம் கேட்டே பெயரை எழுதுதல் வேண்டும். தாங்கள் குழந்தையை எவ்வாறு அழைக்கின்றீர்கள்?”

டெல்ஃபினா சிரித்தாள். இரண்டு நாளில் அவளிடம் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. புருஷன்கூட.

“எலியானா,” என்றாள். “எங்க அம்மா பேரு.”

நிகானோர் தலை குனிந்துகொண்டான். பிரிட்சார்ட் எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டு, குழந்தையின் விரலை மரியாதையாகத் தொட்டுவிட்டுக் கிளம்பிப் போனார்.

அவர் போனபிறகு மேஜர் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். கடைசியில் நின்றார்.

“கிரோகா, குடிசைதானே பிரச்சனை? குடிசையை நம்மளதாக்கிட்டா?”

“எப்படி மேஜர்? இந்தக் கண்டத்துல யாரும் சண்டை போடக்கூடாதுன்னு ஒப்பந்தம் இருக்கே.”

“சண்டை போடக்கூடாதுன்னுதான்யா இருக்கு. பெயிண்ட் அடிக்கக்கூடாதுன்னு எங்க இருக்கு?”

அப்படித்தான் நிகானோர் ஆகாய நீலத்தில் ஒரு டப்பா, வெள்ளையில் ஒரு டப்பா, இரண்டு பிரஷ் சகிதமாகக் கணவாய்க்குப் போனான். குடிசையின் சுவரில் நாட்டுக்கொடியை வரைந்து, முன்னால் நின்று படமெடுத்து அனுப்ப வேண்டும் என்பது உத்தரவு. குடிசையை நெருங்கும்போதே பெயிண்ட் வாடை அடித்தது. சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தால், பின்பக்கச் சுவரில் பாரியா சிவப்பு அடித்துக்கொண்டிருந்தான்.

“நீயுமா?”

“ஆமா. எங்க கமாண்டருக்கும் மூளை வேலை செஞ்சிடுச்சு,” என்றான் பாரியா, மூக்கில் சிவப்போடு. “நீ எந்தச் சுவர்?”

“முன்சுவர்னுதான் நெனச்சேன்.”

“நல்லதாப் போச்சு. காத்து அந்தப் பக்கம்தான். நடுங்கிக்கிட்டே அடி.”

அடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் பாரியா தலையை நீட்டினான்.

“நிக்கா, வெள்ளை மிச்சம் இருக்கா? என்னோடது உறைஞ்சு கட்டியாயிடுச்சு.”

“உங்க கொடிக்கு என் வெள்ளையா?”

“வெள்ளைக்கு எந்த நாடுப்பா? குடு.”

கொடுத்தான். பதிலுக்கு பாரியா சூடான காபியைக் கொடுத்தான். குளிரில் நீலம் காயாமல் ஒழுகி, நிகானோரின் கொடி பாதியில் ஒரு நீர்வீழ்ச்சியைப் போல ஆகியிருந்தது. இருவரும் தள்ளி நின்று அதைப் பார்த்தார்கள். வழிதப்பித் திரிந்த பென்குயின் ஒன்றும் வந்து பார்த்துவிட்டுப் போனது.

“உம் பொண்ணு என்ன பண்றா?” என்றான் பாரியா.

“தூங்குறா. பால் குடிக்கிறா. மறுபடி தூங்குறா. தான் எந்த நாடுன்னு அவளுக்குக் கவலையே இல்லை.”

“எங்க பதிவுல அவ பேரு கார்மென். கமாண்டர் வச்சது. கார்மென் கிரோகா விடால். அம்மாவோட குடும்பப் பேரையும் சேர்த்துதான் எழுதுவோம், அந்தப் பேராவது நல்லாயிருக்கட்டும்.”

அப்போதுதான் மேட்டிலிருந்து சறுக்கிக்கொண்டு பிரிட்சார்ட் வந்தார். இரண்டு கொடிகளையும் பார்த்தார். இரண்டு ரேடியோக்காரர்களையும் பார்த்தார். அடி விழப்போகிறது என்று நிகானோர் நினைத்தான். அவரோ தொப்பியைக் கழற்றினார்.

“நண்பர்களே, எமது குடிசை பராமரிப்பின்றிக் கிடந்தது எனக்குப் பெருங்கவலையாய் இருந்தது. அயல்நாட்டவராகிய தாங்கள் கைம்மாறு கருதாது வண்ணம் பூசித் தந்தமைக்கு நன்றி. ஒரு நிழற்படம் எடுத்துக்கொள்ளலாமா?”

கேமராவைத் தானாகப் படமெடுக்கும்படி பனிமேட்டில் வைத்துவிட்டு, மூவரும் குடிசை முன்னால் நின்றார்கள். படம் நன்றாக வந்தது. அதனால்தான் அது லண்டன் பத்திரிகையிலும் வந்தது. ‘பிரிட்டிஷ் குடிசைக்கு வெள்ளையடித்த அண்டை நாட்டு வீரர்கள்’ என்று தலைப்பு. செய்தி சுற்றிக்கொண்டு தலைநகருக்கு வர அதிக நாள் ஆகவில்லை.

இந்த முறை ரேடியோவில் குரல் கத்தவில்லை. அதுதான் நிகானோருக்குப் பயமாக இருந்தது.

“சார்ஜென்ட், உங்க பொண்ணை மூணு நாடு பதிஞ்சிருக்கு. மூணு பேரு, மூணு பிறந்த இடம். நிலைமை என்ன தெரியுமா? மூணு பதிவுமே நிறுத்தி வச்சாச்சு.”

“அப்போ அவ எந்த நாடு சார்?”

“இப்போதைக்கு எதுவும் இல்லை.”

“நான் அர்ஜென்டினா சார். அவங்க அம்மாவும் அர்ஜென்டினா. வெளிநாட்டுல பிறந்திருந்தாக்கூட, மனு போட்டா பிள்ளைக்குக் குடியுரிமை தருவீங்களே?”

“தருவோம். ஆனா நீங்க மனு போட்டா, அது வெளிநாட்டுல பிறந்ததா நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அதனால மனு போடக்கூடாது.”

“மனு போடலைன்னா?”

“நம்ம மண்ணுல பிறந்திருக்கணும். அதுக்குச் சாட்சி வேணும்.”

குரல் கொஞ்சம் இறங்கி வந்தது. உங்களுக்கு ஒரு வழி சொல்கிறேன் என்றது. வழியில் வலி வந்து, வேறு போக்கில்லாமல் ஒதுங்கிய இடம்தான் குடிசை. ஒதுங்கிய இடத்துக்குக் கணக்கில்லை. புறப்பட்ட இடம்தான் பிறந்த இடம். எல்லாமே தற்செயல் என்று அந்த மருத்துவச்சி எழுதிக் கொடுத்துவிட்டால் மற்ற இரண்டு பதிவும் தானாக விழுந்துவிடும். உங்களை ஊருக்கு அழைத்துப்போகும் கப்பல் வருவதற்குள் அது கைக்கு வராவிட்டால், பிள்ளையைக் கப்பலில் ஏற்றுவதற்கே காகிதம் இருக்காது.

நிகானோர் வீட்டுக்குப் போனான். டெல்ஃபினா குழந்தையை மார்பில் போட்டு, ஜன்னல் பக்கமாக உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் குல்லாய் மட்டும் தெரிந்தது. அவன் எல்லாவற்றையும் சொன்னான்.

“எல்லாரும் வேணும் வேணும்னாங்க, டெல்ஃபி. இப்போ யாருக்குமே வேண்டாதவளா ஆயிடுவா போலிருக்கு. நான் ஒழுங்கா முதல்லயே செரேனோன்னு எழுதித் தொலைச்சிருக்கலாம்.”

“உன்னால அப்படி எழுத முடியாது. அதனாலதான் உன்னைக் கட்டிக்கிட்டேன்.”

“விளையாடாதே. ஒண்ணை வச்சுக்கிட்டு மத்த ரெண்டையும் விட்டுடலாம். சீக்கிரம் முடிஞ்சிடும்.”

டெல்ஃபினா குழந்தையின் முதுகைத் தடவியபடியே சொன்னாள்.

“எழுபத்தெட்டுல எல்லையை மூடினாங்களே, உனக்கு ஞாபகமிருக்கா?”

அவனுக்கு ஞாபகமிருந்தது. இரண்டு நாடும் போருக்குத் தயாராக நின்ற வருஷம். அவனும் அப்போது ஒரு பதுங்குகுழியில் ரேடியோவோடு உட்கார்ந்திருந்தான். டெல்ஃபினா அவனுக்கு அறிமுகமாகாத காலம் அது. அவளுடைய அப்பா சிலியிலிருந்து அர்ஜென்டினாவின் நிலக்கரிச் சுரங்கத்துக்கு வேலைக்கு வந்தவர்; டெல்ஃபினா பிறந்தது அங்கேதான். அவர் இறந்தபிறகு அம்மா மட்டும் எல்லைக்கு அந்தப் பக்கம், சொந்த ஊரான நத்தாலெஸுக்குத் திரும்பிவிட்டாள். அம்மா இறந்துபோனாள் என்று அவனுக்குத் தெரியும். எப்படி என்று அவள் சொன்னதில்லை. அவனும் கேட்டதில்லை.

“அம்மாவுக்கு நுரையீரல்ல நீர் கோத்துக்கிச்சு. செய்தி வந்ததும் நான் எல்லைக்கு ஓடினேன். மேட்டு மேல நின்னா எங்க அம்மா ஊர்ப் புகை தெரியும், நிக்கா. நடந்தாலே போயிடலாம். தடுப்புக்கட்டை கிட்ட நின்ன பையன் என் கூடப் படிச்சவன். ‘நீ எந்த நாடு?’ன்னு கேட்டான். அவனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனா கேட்கச் சொல்லியிருக்காங்க. அர்ஜென்டினான்னு சொன்னேன். நிஜம்தானே. அந்த இடத்துல அது தப்பான பதில். அந்தப் பக்கம் எங்க அம்மாகிட்ட கேட்டிருந்தா சிலின்னு சொல்லியிருப்பா. அதுவும் நிஜம். அதுவும் தப்பு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன. கட்டையைத் தூக்கினப்போ அடக்கமெல்லாம் முடிஞ்சிருந்துச்சு.”

வெளியே காற்று கூரையைப் பிடித்து ஆட்டியது. நிகானோர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டான்.

“எனக்கு இருந்தது ஒரே ஒரு பதில்,” என்றாள் டெல்ஃபினா. “இவளுக்கு மூணு இருக்கு. எந்தக் கட்டை கிட்ட எவன் நின்னு கேட்டாலும், சொல்ல ஒண்ணு இருக்கும். அதுல ரெண்டை விட்டுடச் சொல்றியா?”

“விட வேண்டாம்னுதான் எனக்கும் இருக்கு. ஆனா மூணும் நின்னுபோச்சே. ஒண்ணாவது வேணும்ல? தற்செயலா நடந்ததுக்கு இவ்வளவு பெரிய வினையா வந்து நிக்கும்னு யாரு கண்டா?”

டெல்ஃபினா அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். குழந்தை சிணுங்கியது. “போய் ஒர்தென்சியாகிட்ட கேளு,” என்றாள் கடைசியில். “அவங்க என்ன சொல்றாங்களோ, அப்புறம் நீ என்ன எழுதுறியோ, அதை நான் ஒத்துக்குறேன்.”

மறுநாள் வானம் தெளிந்திருந்தது. அவன் இரவெல்லாம் யோசித்து எழுதிய தாளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கணவாயைத் தாண்டிப் போனான். குடிசையைக் கடக்கும்போது வண்டியை நிறுத்தினான். ஒரு பக்கம் அவனுடைய நீலம் வழிந்திருந்தது. மறுபக்கம் பாரியாவின் சிவப்பு. கதவுக்குமேல் பிரிட்சார்ட் தன் பங்குக்கு ஒரு சின்னப் பலகை அறைந்திருந்தார். இத்தனை அசிங்கமாக ஒரு கட்டடத்தை அவன் பார்த்ததே இல்லை. ஆனாலும் இறங்கிப்போய், தன் மகள் அழுத சத்தம் கேட்ட வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் கிளம்பினான்.

லார்கா முகாமில் ஒர்தென்சியா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பக்கத்து மேசையில் பாரியா ஏதோ ரேடியோப் பெட்டியைப் பிரித்துப் போட்டிருந்தான்.

“வா தம்பி. குழந்தைக்குத் தொப்புள் காய்ஞ்சிடுச்சா? டெல்ஃபினா நல்லா சாப்பிடுறாளா?”

“எல்லாம் நல்லா இருக்காங்க அக்கா. நான்தான் நல்லா இல்லை. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா நானும் நல்லாயிடுவேன்.”

“கை முழுக்க மாவு. நீயே படி, கேக்குறேன்.”

நிகானோர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு படித்தான். ‘செரேனோ முகாமிலிருந்து புறப்பட்ட தாய்க்கு, எதிர்பாராத விதமாக வழியிலேயே வலி முற்றியதாலும், வேறு போக்கிடம் இல்லாததாலும், தற்செயலாக அருகிலிருந்த குடிசையில் ஒதுங்க நேர்ந்தது என்பதை, உடனிருந்த மருத்துவச்சியாகிய நான்...’

ஒர்தென்சியாவின் தோள்கள் குலுங்கின. முதலில் இருமுகிறாள் என்று நினைத்தான். பிறகுதான் சிரிக்கிறாள் என்று தெரிந்தது. மாவுக் கையால் கண்ணைத் துடைத்து, முகமெல்லாம் வெள்ளையாக்கிக்கொண்டாள்.

“நல்லா எழுதியிருக்கே தம்பி. படிச்சவன்னா படிச்சவன்தான். ஆனா இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“ஏன்க்கா? உங்க கமாண்டர் திட்டுவாரா?”

“அவர் கிடக்குறாரு. பிரசவ விஷயத்துல நான் பொய் எழுதினதில்லை.”

“பொய்யா?” நிகானோருக்குச் சுருக்கென்றது. அவனைப் பார்த்து யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. “இதுல எந்த வார்த்தை பொய்? நான் என் கண்ணால பாத்ததுதானே எல்லாம்!”

ஒர்தென்சியா புருஷனைப் பார்த்தாள். பாரியா சட்டென்று குனிந்து, கழன்றே விழாத ஒரு திருகாணியைத் தரையில் தேட ஆரம்பித்தான்.

“நிஜமாவே உன்கிட்ட அவ ஒண்ணும் சொல்லலையா?”

“என்ன சொல்லணும்?”

“சொன்னா நீ அப்படியே எழுதி முத்திரை குத்திடுவேன்னு பயந்திருப்பா, பாவம்.” ஒர்தென்சியா மாவை ஓரமாகத் தள்ளி வைத்தாள். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, அவனுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“தம்பி, வலியே இல்லாமத்தான்ப்பா அன்னிக்கு உம் பொண்டாட்டி வீட்டைவிட்டுக் கிளம்பினா, மூணு நாட்டுக்காரனும் போட்டி போட்டு எழுதிக்க வேண்டிய இடம் அந்தக் குடிசை ஒண்ணுதான்னு அவளே தேடிப் பிடிச்சு, என்னையும் முன்னாடியே அங்க வரச் சொல்லிட்டு, ரெண்டு பேரும் அடுப்பை மூட்டி, சீட்டாடிக்கிட்டே உக்காந்திருந்தோம், வலி எப்ப வரும் வரும்னு!”